‘தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ திரைப்படம் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் தொடர்பு அலுவலர்,
திரைப்படத் தயாரிப்பு நிறுவனம்.

நாள்: ஆகஸ்ட் 2010

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2005 முதல் 2008 வரை மூன்று பருவங்களாக ஒளிபரப்பான ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ கார்ட்டூன் தொடரைப் பள்ளி நாட்களில் விடாமல் பார்த்து வளர்ந்தவன் நான். அதைத் தழுவித் தாங்கள் இவ்வாண்டு வெளியிட்ட படம் தந்த ஏமாற்றத்தைத் தங்களிடமே முறையிடுவது சரியென்று எண்ணி இதை எழுதுகிறேன்.

முதற்பருவத்தின் 20 அத்தியாயங்களை 103 நிமிடங்களுக்குள் அடக்கும்போது பலவற்றைக் கைவிட்டே ஆக வேண்டும் என்பதை நான் அறிவேன். ஆனால் கதையின் நிகழ்ச்சிகளை வைத்துக்கொண்டு, அவை நிகழ்வதற்கான காரணங்களை அல்லவா தாங்கள் கைவிட்டிருக்கிறீர்கள்! மண்ணை ஆளும் மக்கள், அதாவது மண்ணையும் பாறையையும் உடலசைவால் நகர்த்தும் ஆற்றல் பெற்றவர்கள், சிறைப்பட்டிருக்கும் காட்சி ஒன்றே இதற்குப் போதும். தொடரில் அவர்கள் நடுக்கடலில், முழுவதும் உலோகத்தாலான மேடையில், கைப்பிடி மண்கூடக் கிடைக்காத இடத்தில் அடைக்கப்பட்டிருப்பார்கள். அவர்களுக்காகவே நீரை ஆளும் சிறுமி கத்தாரா வேண்டுமென்றே கைதாகி உள்ளே செல்வாள். உலைக்கான நிலக்கரியும் மண்தான் என்று உணர்ந்து அதை மேலே கொண்டுவந்து அவர்கள் முன் குவித்த பிறகும், மனம் உடைந்த அம்மக்கள் எழத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம்தான் அந்த அத்தியாயத்தின் உயிர். படத்திலோ மலையும் பாறையும் சூழ்ந்த நிலத்திலேயே அவர்களைச் சிறை வைத்துவிட்டு, காலடியில் மண் இருப்பதைக் கதைநாயகனான சிறுவன் ஆங் வந்து நினைவூட்டும்வரை அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று எங்களை நம்பச் சொல்கிறீர்கள்.

அதே காட்சியில் பலர் கூடிக் காலை உதைத்துக் கையை வீசி முடித்த பின் ஒரு சிறு பாறை மெல்ல மிதந்து வருகிறது. தொடரை உருவாக்கியவர்கள் நீருக்குத் தாய் சி, மண்ணுக்கு ஹங் கர், நெருப்புக்கு வட ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா எனச் சீனத் தற்காப்புக் கலைகளை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வோர் அசைவையும் வரைந்தார்கள். கை திரும்பிய கணத்தில் நீரும் திரும்பும். அந்த ஒத்திசைவுதான் சிறுவர்களாகிய எங்களை வீட்டு முற்றத்தில் கைகளைச் சுழற்ற வைத்தது.

கத்தாராவின் அண்ணன் சொக்காவின் நகைச்சுவை அடியோடு காணாமற்போனது. அவனுக்கும் இளவரசி யுவேவுக்கும் மலர்ந்த அன்பைக் காட்சியில் காட்டாமல், கத்தாராவின் பின்னணிக் குரலில் ஒரு வரியாகச் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். பிறகு யுவே தன் உயிரைத் தரும்போது எங்களுக்கு எப்படிக் கண்ணீர் வரும்? மாநிறம் கொண்ட நீர்க்குலத்து அண்ணன் தங்கைக்கு வெள்ளை நடிகர்களைத் தேர்ந்தெடுத்து, படையெடுத்து வரும் நெருப்பு நாட்டாரை மட்டும் எங்களைப் போன்ற தெற்காசிய முகங்களாகக் காட்டியது ஓர் இந்திய ரசிகனாக என்னைப் புண்படுத்தியது.

சாதாரண முறையில் எடுத்த படத்தைப் பின்னர் முப்பரிமாணமாக மாற்றி அதற்கென்று கூடுதல் கட்டணமும் பெற்றீர்கள். நான் கண்டதெல்லாம் மங்கலான திரைதான்.

படத்தின் இறுதிக்காட்சி அடுத்த பாகத்திற்கு அடி போடுகிறது. அதைத் தொடங்கும் முன் தொடரின் படைப்பாளிகளான மைக்கேல் டான்டே டிமார்டினோ, பிரையன் கோனியட்ஸ்கோ ஆகியோரிடம் திரைக்கதையின் பொறுப்பை ஒப்படைக்குமாறும், இக்குறைகளுக்கு எழுத்து மூலம் பதிலளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தொடரின் ரசிகன்