கிளம்புவதற்கு முன் அந்த ஊசியைப் பற்றி

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் டைபாய்டு ஊசி பேச்சை நீதான் எடுத்தாய். "போடணுமா வேண்டாமான்னே தெரியலம்மா, யாரும் கட்டாயம்னு சொல்லல" என்றாய். நான் உடனே பதில் சொல்லவில்லை. போனில் ஆரம்பித்தால் நான் உத்தரவு போடுவது மாதிரி ஆகிவிடும், உனக்கும் எரிச்சல் வரும். எழுதினால் நீ ஆற அமரப் படிப்பாய். முடிவு உன்னுடையதுதான். ஆனால் எனக்கு ஒரு பக்கமும் இல்லை என்பது போல எழுத எனக்கு வராது. நீ அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கட்டாயமில்லை என்பது உண்மை. விசா படிவத்தில் கேட்கவில்லை, விமான நிலையத்திலும் கேட்கமாட்டார்கள். மஞ்சள் காய்ச்சல் என்றால் சில நாடுகளில் ஊசி போட்ட அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். வருகிறவர்கள் அந்த நோயைக் கொண்டுவந்து உள்ளூர்க் கொசுக்களுக்குக் கொடுத்துவிடக் கூடாதே என்று தங்கள் மக்களைக் காப்பாற்ற வைத்திருக்கிற சட்டம் அது. டைபாய்டு நீ போகிற இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நீ புதிதாக எதையும் கொண்டுபோகப் போவதில்லை. ஆபத்து உனக்கு மட்டும்தான், அதனால் கேட்கவும் ஆள் இல்லை. நீயேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாப் பயணத்துக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குடிநீரும் கழிவுநீரும் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகிற ஊருக்கு நாலு நாள் கூட்டத்துக்குப் போகிறாய் என்றால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஆனால் நீ ஆறு வாரம் தெற்காசியாவில் ஊர் ஊராகச் சுற்றப் போகிறாய், அதுவும் சின்ன ஊர்களில், வாரத்துக்கு ஒரு தங்குமிடமாக. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மட்டும் உலகத்தில் சுமார் 90 லட்சம் பேருக்கு டைபாய்டு வந்திருக்கிறது, சுமார் 1,10,000 பேர் இறந்திருக்கிறார்கள். வெளிநாடு போய் டைபாய்டோடு திரும்புகிறவர்களில் பெரும்பகுதி தெற்காசியாவுக்குப் போய் வந்தவர்கள்தான். சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் அதில் நிறைய. "நம்ம ஆட்கள் வீடுதானே, நம்ம உடம்புக்குப் பழக்கம்தானே" என்று ஊசியைத் தவிர்த்துவிடுகிறார்கள். இந்தக் கிருமிக்கு அப்படி ஒரு பழக்கமெல்லாம் கிடையாது. ஒருமுறை டைபாய்டு வந்து தேறியவருக்கே மறுபடியும் வரலாம்.

"நான் சாப்பாட்டு விஷயத்தில் கவனமா இருப்பேன்" என்றாயே, அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். நீ கவனமானவள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டைபாய்டை உண்டாக்குகிற சால்மொனெல்லா டைஃபி மனிதர்களிடம் மட்டும் வாழ்கிற கிருமி. ஆட்டிடமோ கோழியிடமோ அது இருக்காது. அப்படியென்றால் ஒருவருக்கு டைபாய்டு வந்திருந்தால், இன்னொரு மனிதரின் மலத்தில் இருந்த கிருமி எந்த வழியிலோ அவர் வாய்க்குப் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். குழாயில் விழுந்த விரிசல் வழியாகப் போயிருக்கலாம், பனிக்கட்டி வழியாக, கழுவாத ஒரு கை வழியாகப் போயிருக்கலாம். அந்தக் கை உன்னுடையதாக இருக்கப்போவதில்லை. நீ பார்க்காத சமையலறையில் நீ பார்க்காத ஒருவரின் கை அது.

அந்த மனிதர் நோயாளி மாதிரி இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1906-ல் நியூயார்க் பக்கம் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில், கோடைக்கு வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு வந்தது. தண்ணீரைச் சோதித்தார்கள், பாலைச் சோதித்தார்கள், காரணம் அகப்படவில்லை. ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளர் தேடிக்கொண்டே போய்க் கடைசியில் மேரி மாலன் என்ற சமையல்காரப் பெண்ணிடம் வந்து நின்றார். அவருக்குக் காய்ச்சல் இல்லை, சோர்வு இல்லை, திடமாக இருந்தார். அவர் சமைத்த சூடான சாப்பாட்டில் கிருமி செத்துப்போயிருக்கும். ஆனால் பச்சையாக நறுக்கிய பீச் பழம் போட்டு ஐஸ்கிரீம் செய்து கொடுத்திருந்தார். சோப்பரின் சந்தேகம் அதன்மேல்தான் விழுந்தது. நோய் வந்து தேறியவர்களில் 100-க்கு 1 முதல் 4 பேர்வரை இப்படிப் பித்தப்பையில் கிருமியை வைத்துக்கொண்டு, தங்களுக்கே தெரியாமல் பல வருஷம் வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். மேரி பாவம், தனக்கு நோயே இல்லை என்று உண்மையாகவே நம்பினார். வாழ்நாளில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவரைத் தனியாக அடைத்து வைத்திருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கும்.

அதனால் ஆவி பறக்கிற சாப்பாட்டை நம்பு. கொதித்த தண்ணீரையும் சீல் உடையாத பாட்டிலையும் நம்பு. நறுக்கி வைத்த பழம், பச்சைக் காய்கறி, பானத்தில் மிதக்கிற ஐஸ், இதெல்லாம் வேண்டாம். உறைய வைத்தால் இந்தக் கிருமி சாகாது. பல் தேய்க்கும்போது வாய் கொப்பளிக்கிற தண்ணீரும் இதே கணக்குத்தான். ஆனால் ஆறு வாரமும் மூன்று வேளையும் ஒருமுறைகூடத் தவறாமல் யாரால் இருக்க முடியும்? ஆசையோடு ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு டம்ளர் நீட்டினால் நீ வாங்கிக் குடிப்பாய். நீ அப்படிக் குடிக்கிற பெண் என்பதில் எனக்குப் பெருமைதான். அந்த ஒரு டம்ளருக்காகத்தான் ஊசி.

"ஊசி போட்டாலும் முழுசா காப்பாத்தாதாமே" என்று கேட்டாய். ஆமாம், காப்பாற்றாது. எங்கும் சுலபமாகக் கிடைக்கிற பாலிசாக்கரைடு ஊசியின் பாதுகாப்பு 50 முதல் 80 சதவீதம்வரை என்று சொல்கிறார்கள், அதுவும் இரண்டு மூன்று வருஷத்தில் தேய்ந்துவிடும். (நீ காலேஜில் சேர்ந்தபோது போட்டது இப்போது கணக்கில் வராது.) கான்ஜுகேட் ஊசி என்று ஒன்று பிறகு வந்திருக்கிறது. இந்தக் கிருமி தன்மேல் விஐ என்கிற ஒரு சர்க்கரைப் படலத்தைப் போர்த்திக்கொண்டிருக்கும். பழைய ஊசியில் அந்தச் சர்க்கரை மட்டும் இருக்கும். கான்ஜுகேட்டில் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். புரதம் சேர்ந்தால் உடம்பு அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளும், குழந்தைகளின் உடம்புகூட. நேபாளம், வங்கதேசம், மலாவி மூன்று நாடுகளிலும் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்ததில் பாதுகாப்பு 80 சதவீதத்தை ஒட்டி வந்தது. இது எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை, உன் டாக்டரிடம் இருந்தால் இதையே கேள். இல்லையென்றால் பழையதே போதும்.

இரண்டு ஊசியிலும் உயிருள்ள கிருமி கிடையாது. ஊசியால் டைபாய்டு வந்துவிடுமோ என்று நீ பயப்பட வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் ஏகப்பட்ட கிருமி உள்ளே போனால் ஊசி கொடுத்த பாதுகாப்பும் தோற்றுப்போகலாம். உள்ளே போகிற கிருமியின் அளவைக் குறைப்பது உன் கவனம், அதையும் தாண்டிப் போகிற கொஞ்சத்தைப் பார்த்துக்கொள்வது ஊசி. இரண்டும் சேர்ந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அப்புறம், வந்தால் மாத்திரை இருக்கிறதே என்றாய். கண்ணம்மா, லேபில் இருந்த வருஷங்களில் நான் கண்ணால் பார்த்த மாற்றம் இது. நோயாளியின் ரத்தத்தில் வளர்ந்த கிருமியை ஒரு தட்டில் பரப்பி, அதன்மேல் மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைத்து, ராத்திரி முழுக்க 37 டிகிரியில் வைப்போம். மருந்து கேட்கிற கிருமி என்றால் காலையில் வில்லையைச் சுற்றி ஒன்றும் வளராத தெளிவான வட்டம் தெரியும், அதை ஸ்கேல் வைத்து அளப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டைபாய்டுத் தட்டில் சிப்ரோஃப்ளோக்சசின் என்கிற ஆன்டிபயாடிக் வில்லையைச் சுற்றிப் பெரிய வட்டம் நிற்கும். போகப்போக அது சுருங்கியது. கடைசிக் காலத்தில் சில தட்டுகளில் வில்லையின் விளிம்புவரைக்கும் கிருமி சாம்பல் நிறத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும், வட்டமே இருக்காது.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-லிருந்து பரவிய ஒரு வகை, டைபாய்டுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஐந்து வகை மருந்துகளையும் எதிர்த்து நின்றது. மாத்திரையில் மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். அதுவும் போதாதென்றால் ஆஸ்பத்திரியில் படுத்து நரம்பு வழியாக ஏற்றிக்கொள்கிற மருந்துதான். இதைத் தெரியாத ஊரில், தெரியாத மொழியில், தனியாக ஒரு கட்டிலில் கிடந்து நீ சமாளிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நோயைக் கண்டுபிடிப்பதும் லேசில்லை. காய்ச்சல் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும், தலைவலி, வயிற்றுவலி, சிலருக்குப் பேதி, சிலருக்கு மலச்சிக்கல். ஆரம்பத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் இதெல்லாம் இருக்கும். நிச்சயமாகச் சொல்ல ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை, வேண்டும், முடிவு வர சில நாள் ஆகும், டைபாய்டு இருப்பவர்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அதில் கிருமி பிடிபடாமல் போகும். அதற்குள் முன்னாலேயே ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தால் இன்னும் கஷ்டம். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கிற விடால் டெஸ்ட் ஒன்றை மட்டும் வைத்து இதுதான், இது இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே. சரியான மருந்து கிடைக்காமல் மூன்றாவது வாரத்துக்குப் போனால் சிறுகுடலில் ரத்தம் கசியலாம், குடலில் ஓட்டைகூட விழலாம். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்கிற நினைப்பில் நீ முடிவெடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஊசிக்குப் பதிலாகத் தடுப்பு மருந்தை மாத்திரையாகச் சாப்பிடலாமே என்றும் உனக்குத் தோன்றலாம். வாயால் சாப்பிடுகிற தடுப்பு மருந்தும் சில இடங்களில் இருந்தது, இப்போது கிடைப்பது அரிது. அதில் பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு கேப்ஸ்யூல், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குளிர்ந்த தண்ணீரில் விழுங்க வேண்டும், அந்த நாட்களில் ஆன்டிபயாடிக் எடுக்கக் கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. ஓயாமல் அலைகிற உனக்கு ஒரே ஊசியோடு முடிவதுதான் வசதி என்று எனக்குத் தோன்றுகிறது. கை ஓரிரு நாள் வலிக்கும், லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம். வேலை செய்ய ஆரம்பிக்க அதற்கு இரண்டு வாரமாவது கொடுக்க வேண்டும். நீ கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, அதனால் இந்த வாரமே போவது நல்லது. ஏதாவது மருந்துக்கு அலர்ஜி வந்திருந்தால் மறக்காமல் சொல்லு. நாள் தள்ளிப்போயிருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லிவிடு.

ஊசி போட்ட பிறகும் ஒன்றை மனதில் வைத்துக்கொள். பாராடைபாய்டு என்று இதற்கு ஒரு தங்கை நோய் உண்டு, இந்த ஊசி அதைத் தடுக்காது. உடம்புக்குள் போன டைபாய்டுக் கிருமி காய்ச்சலாக வெளிப்பட ஆறு நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். திரும்பி வந்து வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுகூட வரலாம். அப்போது "ஊசிதான் போட்டாச்சே" என்று இருந்துவிடாதே. டாக்டரைப் பார்த்ததும் எந்தெந்த நாட்டில் இருந்துவிட்டு வந்தாய் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லு. மலேரியாவும் பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்னால் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டார்களா என்று கேள்.

டாக்டரிடம் போகிற அன்றைக்கே, கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் ஏ நோய்க்கான ஊசியைப் பற்றியும் விசாரித்துவிடு. அதுவும் இதே சாப்பாடு, தண்ணீர் வழியாக வருவதுதான், இரண்டையும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம். உன்னோடு வருகிற தோழியிடமும் சொல்லு, இருவரும் ஒன்றாகவே போய் வாருங்கள். அட்டையை போனில் ஒரு படம் எடுத்து எனக்கும் அனுப்பி வை.

சனிக்கிழமை கூப்பிடுகிறேன். அதற்குள் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தால் எந்த நாள் என்று சொல்லு. யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று தோன்றியிருந்தால் அதையும் சொல்லு, ஏன் என்பதோடு. உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
அம்மா