பூட்ஸ் நாடாவை அவிழ்த்த பெரியவருக்கும், உடன் நின்ற எல்லாருக்கும்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முகம் தெரியாமலே எங்களுக்காக வேண்டிக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

என் மகன் நேற்று மாலை வீடு திரும்பினான். கழுத்துப்பட்டை இன்னும் ஆறு வாரங்களுக்கு இருக்கும். ஆனால் மின்தூக்கியிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை அவன் தன் கால்களாலேயே நடந்து வந்தான். அந்தச் சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தின்போது அவன் கழுத்தில் அடிபட்டுத் திடலில் விழுந்தது எப்படி என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் அதை மறுபடியும் எழுதப் போவதில்லை. எழுத உட்கார்ந்தால் என் கை இன்னும் நடுங்குகிறது என்பதும் உண்மை. நன்றி சொல்லியாக வேண்டும், அதுவும் மனம் ஆறிப்போவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

எத்தனையோ பேருக்குக் கடன்பட்டிருந்தும், நான் முதலில் குறிப்பிட வேண்டியவர் நம்மவர் அல்லர். எங்களை எதிர்த்து ஆட வந்த அணியின் மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பெரியவர் அவர். தண்ணீர்ப் புட்டிகளை நிரப்புவது, சட்டைகளை எண் வாரியாக அடுக்குவது, பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டோரம் ஓடுவது ஆகியவை அவர் வேலை. ஆட்டத்தின் முதல் பாதி முழுவதும் அவரை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

மகன் தரையில் கிடக்க, மருத்துவர் அவன் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்தபடி, கால் விரல்களைப் பார்க்க வேண்டும், பூட்ஸைக் கழற்றுங்கள் என்றார். மழை நின்று சற்று நேரம்தான் ஆகியிருந்தது. பூட்ஸ் முழுவதும் சேறு, நாடா ஊறிப்போய் முடிச்சு இறுகியிருந்தது. இழுத்தால் கால் அசையும், கால் அசைந்தால் முதுகு அசையும் என்ற அச்சத்தில் யாரோ கத்தரிக்கோலை எடுத்து வந்தார்கள். அதற்குள் அந்தப் பெரியவர் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அவன் கெண்டைக்காலுக்கு அண்டக் கொடுத்தார். முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்த பின், நாடாவைத் தளர்த்துவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு துளையிலிருந்தும் முழுவதுமாக உருவினார். ஒரு பக்கத்துக்கு ஆறு துளைகள், நான் எண்ணினேன். வேறு எதையும் பார்க்கத் துணிவில்லாமல் அதையே எண்ணிக்கொண்டு நின்றேன். நாடா முழுவதும் வெளியே வந்ததும் பூட்ஸின் நாக்கை முன்னால் மடித்து, இரு பக்கங்களையும் வாழைப்பூ மடலை விரிப்பதைப் போல விரித்து, தூங்கும் குழந்தையின் காலிலிருந்து கழற்றுவதைப் போலக் குதிகாலை விட்டு மெதுவாக நகர்த்தினார். காலுறையையும் அப்படியே சுருட்டி எடுத்தார்.

கட்டை விரல் அசைந்தது. மருத்துவரிடம் சொல்வதற்கு முன்பே அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "கெராக், மாக்சிக், கெராக்" என்றார். அசைகிறது, அத்தை, அசைகிறது என்று பொருள். கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய மலாய் மொழி, ஐம்பது ஆண்டுகள் கழித்து எனக்கு இப்படி ஒரு சொல்லைக் கொண்டுவந்து தரும் என்று நான் எண்ணியதே இல்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட இந்த மடலில் அவருக்குத்தான் முதலிடம். அன்றிரவு பத்து மணிக்கு மேல், பார்வையாளர் நேரம் முடிந்து நான் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தபோது, கையில் ஒரு பிளாஸ்டிக் பையுடன் அவர் வந்து நின்றார். மறுநாள் விடியற்காலையில் அவர்களுக்கு விமானம். விடுதியிலிருந்து இரண்டு ரயில் மாறி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். பைக்குள் என் மகனின் பூட்ஸ் இருந்தது. சேறு முழுவதும் கழுவப்பட்டு, அடியில் உள்ள முளைகளுக்கு இடையில் சிக்கியிருந்த புல்கூடக் குச்சியால் நோண்டி எடுக்கப்பட்டு, ஈரம் உறிஞ்சுவதற்காக உள்ளே செய்தித்தாள் திணிக்கப்பட்டிருந்தது. உருவிய நாடாவையும் துவைத்துத் திரும்பக் கோத்திருந்தார். அதை என் மடியில் வைத்துவிட்டு, "நந்தி டியா பாக்காய் லாகி" என்றார்: பிறகு அவன் மறுபடியும் போட்டுக்கொள்வான்.

அன்று காலையிலிருந்து நான் கேட்ட சொற்கள் எல்லாம் "பார்ப்போம்", "சொல்ல முடியாது", "படம் எடுத்த பிறகு" என்பவையாகவே இருந்தன. அவற்றைச் சொன்னவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, பொறுப்பான மருத்துவர்கள் அப்படித்தான் பேச முடியும். அந்தப் பெரியவருக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தில் "ஒருவேளை" இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த இரவைக் கடந்தேன்.

இந்த ஆட்டத்தின் உலகத்தை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிய ரக்பியில் மேல்நிலைப் பிரிவு என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாடுகளின் அரங்கம். அங்கிருந்து ஹாங்காங் 2025ஆம் ஆண்டு வெற்றி பெற்று, 2027இல் ஆஸ்திரேலியாவில் நடக்கவிருக்கும் உலகக் கிண்ணத்துக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றபோது எங்கள் வீட்டிலும் கொண்டாட்டம்தான். அதற்குக் கீழே உள்ள பிரிவுகளில் ஆடும் தேசிய அணிகளின் கதை வேறு. நெஞ்சில் நாட்டின் சின்னத்தை அணிந்திருந்தாலும், ஆடுபவர்கள் ஆசிரியர்களாகவும் காவலர்களாகவும் மாணவர்களாகவும் தேசிய சேவை முடித்து இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கிய பையன்களாகவும் இருப்பார்கள். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் பயிற்சி, ஆண்டு விடுப்பெல்லாம் போட்டிக்கே போய்விடும். பார்வையாளர் மேடையில் பெற்றோரும் காதலிகளும் பழைய ஆட்டக்காரர்களும் இருப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பெரியவரும் ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறாராம். சம்பளமில்லா விடுப்பில் வந்திருந்தார். களைப்போடு படுத்துறங்க வேண்டிய இரவில், தோற்ற அணியின் பையன் ஒருவனுடைய பூட்ஸைக் குளியலறையில் உட்கார்ந்து கழுவியிருக்கிறார்.

சிங்கப்பூருக்கு இந்தக் கண்டத்தின் ரக்பியில் பழைய உரிமை உண்டு என்று என் மகன் அடிக்கடி சொல்வான். 1968இல் ஆசிய ரக்பிச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதை நிறுவிய எட்டு உறுப்பினர்களில் நாமும் ஒருவர். 2009இல் ஜப்பான், கொரியா, ஹாங்காங், கஸக்ஸ்தானோடு மேல்நிலையிலேயே ஆடியிருக்கிறோம். "வெள்ளைக்காரன் ஆட்டம் உனக்கு எதற்கு" என்று அவன் தாத்தா கேட்டபோது, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் கோப்பையே கல்கத்தாவில் இருந்த ஒரு மன்றம் கலைக்கப்பட்டபோது மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கி 1878இல் செய்யப்பட்டதுதான், அதன் கைப்பிடிகள் நாகப்பாம்புகள், மூடியின் மேல் யானை என்று சொல்லி அவர் வாயை அடைத்தான். பாம்பையும் யானையையும் கேட்ட பிறகு தாத்தா எதிர்ப்புச் சொல்லவில்லை. பிறகு எங்களோடு திடலுக்கும் வந்தார்.

அவன் ஆடுவது முன்வரிசையில், மூன்றாம் எண். ஸ்க்ரம்மில் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேராகப் பதினாறு பேர் தோளோடு தோள் பூட்டித் தள்ளும்போது பாரம் பெரும்பகுதி அந்த முன்வரிசைக் கழுத்துகளில்தான் இறங்குகிறது. அதனால்தான் அந்த இடத்தில் ஆடுவதற்குத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே இறங்கலாம். அப்படிப்பட்டவர் அணியில் மிச்சமில்லை என்றால், தள்ளாமல் பெயருக்கு ஸ்க்ரம் போட்டு ஆட்டத்தை நடத்த வேண்டும் என்பது விதி. தூக்குப் படுக்கையில் கட்டப்பட்டுக் கண் மூடிக் கிடந்தவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, எனக்குப் பதில் ஆள் இறங்கிவிட்டானா, ஸ்க்ரம் தள்ளுகிறார்களா?" என்பதுதான். அப்போது வந்த கோபத்தை நான் இன்னும் அவனிடம் காட்டவில்லை. கழுத்துப்பட்டை கழன்ற பிறகு காட்டுவேன்.

மற்றவர்களுக்குச் சேர்த்தே நன்றி சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். விசிலை ஊதி ஒரு நொடியும் தாமதிக்காமல் எல்லாரையும் விலக்கிய நடுவர். கழுத்தை ஒருவரும் திருப்பிவிடாமல் காத்த மருத்துவ உதவியாளர்கள். இரவுப் பணித் தாதியர், குறிப்பாக என் மகனுக்குத் தெரியாமல் எனக்கு மைலோ கலந்து கொடுத்த தாதி. பயிற்சி முடிந்து வியர்வைச் சட்டையோடு வந்து வார்டின் வாசலில் வரிசை கட்டி நின்ற அணித்தோழர்கள். மூன்று வார விடுப்பைக் கேள்வி கேட்காமல் கொடுத்த என் மேலதிகாரி. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து பிரசாதத்தை ஈசூன் வரை கொண்டுவந்த அத்தை. இஞ்சி போட்ட கோழி சூப்பைத் தினமும் வாசல் கதவில் மாட்டிவிட்டுப் போன ஏழாம் மாடிச் சீனப் பாட்டி. ஜொகூரிலிருந்து பாலத்து நெரிசலில் நான்கு மணி நேரம் காத்திருந்து வந்த என் தம்பி. உங்கள் எல்லார் வீட்டுக்கும் நானே வருகிறேன். வெறும் கையோடு வர மாட்டேன்.

அக்கறையோடு ஒரு கேள்வியைப் பலர் கேட்டீர்கள்: இத்தனைக்குப் பிறகும் இந்த ஆட்டம் தேவையா? எனக்கு விடை தெரியவில்லை. அவன் திரும்ப ஆடுவானா என்பதை மருத்துவரும் அவனும் முடிவு செய்யட்டும். நான் தூண்டவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன் என்று சொல்ல ஆசை, ஆனால் தடுக்காமல் இருப்பேன் என்று உறுதி கொடுக்க என்னால் முடியவில்லை. பூட்ஸ் இப்போது வீட்டு வாசல் அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. நாடாவை அந்தப் பெரியவர் வேறு முறையில், குறுக்கே போகாமல் நேர் நேராகக் கோத்திருக்கிறார். மாற்றிக் கட்டட்டுமா என்று கேட்டேன், தொடாதே என்றான்.

என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்று உண்டு. இனி நம் திடலுக்கு எந்த நாட்டு அணி ஆட வந்தாலும், அவர்களுடைய மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்பவர் உட்காரும் இடத்தில் ஒரு குடுவை சூடான தேநீரும் ஒரு டப்பா வடையும் இருக்கும். என் மகன் ஆடினாலும் ஆடாவிட்டாலும் நான் கொண்டுவருவேன். சங்கத்துப் பொறுப்பாளர்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். "மாமி, போட்டி நாள் பட்டியலை அனுப்புகிறோம்" என்றார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கெண்டைக்காலுக்கு அண்டக் கொடுத்த அந்தத் துண்டு எங்களிடமே தங்கிவிட்டது. பச்சை நிறம், ஓரத்தில் சிவப்பு நூலால் தைத்த கோடு. மூன்று முறை துவைத்தும் ஒரு மூலையில் சேற்றுக் கறை போகவில்லை. பூட்ஸைக் கொடுக்க வந்தவரிடம் அதைத் திருப்பிக் கொடுக்கும் நினைவு அன்றிரவு எனக்கு இல்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்த அணியோடு தொடர்புள்ளவர்கள் யாரேனும் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், பள்ளி வேன் ஓட்டும் பாக்சிக்கின், அதாவது அந்த மாமாவின், துண்டு மடித்துத் தயாராக இருக்கிறது, எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
மூன்றாம் எண் ஆட்டக்காரனின் அம்மா,
ஈசூன், சிங்கப்பூர்