அம்மா மடித்துக் கொடுத்த வெள்ளை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று விடியற்காலை ஐந்து மணிக்கு நீ போன் செய்தபோது நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். "அக்கா, அம்மா கனவுல வந்தாங்க. மடிச்ச வெள்ளைச் சேலைய என் கையில கொடுத்தாங்க. ஒண்ணுமே பேசல" என்று சொல்லிவிட்டு அழுதாய். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. "சரி, தண்ணி குடிச்சிட்டுப் படு" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் நீ பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அவர் அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். பத்து மணிக்குள் ஆளுக்கொரு செய்தி: வெள்ளைச் சேலை தாலிக்கு ஆகாது, தேதியை மாற்று, பரிகாரம் செய். நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் மாமா, சேலைக்கு என்ன நம்பர் என்று கனவுப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்கிறாராம். மூன்று வருடம் கழித்து வந்த அம்மாவை நாலு இலக்கமாக்கிப் பார்க்கிறார்களே என்று எனக்கு மிகவும் வலித்தது.

உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். இப்படி விடியற்காலையில் பயந்து எழுந்து கைப்பேசியில் அர்த்தம் தேடுகிற பெண்கள் நம்மில் நிறையப் பேர்.

நானும் அப்படி இருந்தவள்தான். அம்மா இறந்த வருடம் எனக்குப் பல் விழுவதாகக் கனவு வந்தது. பல் விழுந்தால் வீட்டில் சாவு என்பார்கள். விடியற்காலைக் கனவு பத்து நாளில் பலிக்கும் என்பார்கள். இது பாட்டிமார் வாய்ச்சொல் மட்டும் இல்லை. கனா நூல் என்று தமிழில் ஒரு பழைய நூலே இருக்கிறது. இரவின் முதல் சாமத்தில் கண்டால் ஓராண்டில் பலிக்கும், விடியும்போது கண்டால் பத்து நாளில் என்று அது கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்தப் பத்து நாளும் போன் அடித்தாலே எனக்குக் கை நடுங்கும். எட்டாம் நாள் நீ ராத்திரி பஸ்ஸில் பினாங்குக்கு வருவதாகச் சொன்னாய். வராதே என்று கத்தினேன், நீ கோபித்துக்கொண்டாய். காரணத்தை இப்போதுதான் சொல்கிறேன். பத்து நாள் கழிந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டரிடம் போனபோதுதான் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி இருந்தது தெரிந்தது. தூங்கும்போது அது வலித்திருக்கும்.

ஒரு நிறத்துக்கு ஒரே அர்த்தம்தான் என்றால் சிவப்பை என்ன செய்வது? கம்பராமாயணத்தில் திரிசடை தன் கனவைச் சீதையிடம் சொல்கிறாள். இராவணன் தலையில் எண்ணெய் ஒழுக, சிவப்பு ஆடை உடுத்தி, கழுதையும் பேயும் பூட்டிய தேரில் தெற்கே போகிறான். அங்கே சிவப்பு சாவுக்குப் போகிறவனின் உடை. அதே சிவப்பைத்தான் நீ ஆறு வாரத்தில் குங்குமமாக வைத்துக்கொள்ளப் போகிறாய். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சீனப் பெருநாளுக்குக் கொடுக்கும் அங்பாவ் பண உறையும் சிவப்பு. நம் மொழியில் செம்மை என்றால் நேர்மை, வெண்மை என்றால் திருக்குறளில் அறிவின்மை. அதற்காக வெள்ளைச் சட்டை போட்டவரை எல்லாம் நாம் அறிவில்லாதவர் என்று நினைக்கிறோமா?

வெள்ளைக்கு அர்த்தம் தேடி நான் நேற்று சாயங்காலம் இங்கே பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலையில் நடந்தேன். பழைய பிட் ஸ்திரீட்தான். ஒரு முனையில் 1819-இல் அர்ச்சிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், தூண்கள் முழுக்க வெள்ளை. கொஞ்சம் தள்ளி குவான் யின் கோயில். அங்கே கும்பிட வருகிற சீனக் குடும்பங்களுக்கு வெள்ளை துக்கத்தின் நிறம். அப்புறம் குயின் ஸ்திரீட் பக்கம் திரும்பினால் மாரியம்மன் கோயில், பூக்கடையில் மல்லிகைச் சரம். அதுவும் வெள்ளைதானே? உன் தலையில் அதை வைக்க யாரும் பயப்படப் போவதில்லை. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை பார்த்தால் வரிசை வரிசையாக வெள்ளை. புக்கிட் மெர்தாஜாமில் உன் பள்ளித் தோழி கல்யாணத்துக்குப் போனோமே, மாதா கோயிலில் அவள் கட்டியிருந்தது என்ன? வெள்ளைச் சேலை. அழகாக இருக்கிறாள் என்று நீதான் நாலு தடவை சொன்னாய்.

பரிகாரம் பற்றி ஒன்று. கண்ணகியும் கெட்ட கனவு கண்டாள். கோவலன் கைப்பிடித்து ஒரு பெரிய நகருக்குப் போனதாகவும், அங்கே தங்கள்மேல் வீண்பழி விழுந்ததாகவும் தோழி தேவந்தியிடம் சொன்னாள். தேவந்தி, இரண்டு பொய்கைகளில் நீராடிக் காமனைக் கும்பிட்டால் கணவனோடு இன்பமாக இருக்கலாம் என்று வழி சொன்னாள். கண்ணகி ஒரே சொல்லில் மறுத்தாள்: பீடன்று. அது பெருமை இல்லை என்று அர்த்தம். அந்தக் கனவு பலித்ததே என்று நீ கேட்பாய். ஆமாம், பலித்தது. காப்பியத்தில் கனவு பலிக்கத்தான் செய்யும், எழுதியவருக்கு முடிவு முன்பே தெரியும். நான் அதில் எடுத்துக்கொள்வது, பயத்தை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ஒரு தோழி இருந்தாள் என்பதைத்தான்.

நம் மலேசியக் காட்டில், பேராவிலும் கிளந்தானிலும் வாழும் தெமியார் பழங்குடி மக்களுக்குக் கனவில் பாட்டு கிடைக்கும். மரமோ மலையோ பறவையோ கனவில் வந்து பாட்டுக் கொடுத்தது என்பார்கள். கண்டவர் அதைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. ராத்திரிச் சடங்கில் அவர் பாட, பெண்கள் மூங்கிலைத் தட்டிக்கொண்டு பின்பாட்டுப் பாடுவார்கள். நோயாளியைக் குணப்படுத்தவும் அதே பாட்டுத்தான். ஒருவர் கண்ட கனவு ஊர்ப்பாட்டாகிவிடுகிறது. நம் குடும்பக் குழுவும் அப்படி இருந்திருக்கலாம்.

1900-இல் கனவுகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய வியன்னா மருத்துவர் பிராய்டும், இந்தப் பொருளுக்கு இந்த அர்த்தம் என்று அகராதி போலப் பார்க்கும் முறையை நம்பவில்லை. கனவின் ஒவ்வொரு துண்டும் கண்டவருக்கு எதை நினைவூட்டுகிறது என்றுதான் கேட்டார். அவர் சொன்ன மற்றதெல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை நான் விடுவதில்லை. கனவில் கண்டதை நிஜத்தில் யார் கையில் பார்த்தேன்?

அம்மா கையில் மடித்த வெள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

நாம் செபராங் பிறையில் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது உனக்கு ஏழு வயது. அம்மா பால்மரம் வெட்டப் போவார். மரத்திலிருந்து வெள்ளையாக இறங்கும் பால் துணியில் பட்டால் கருத்துவிடும், எத்தனை துவைத்தாலும் போகாது. அம்மாவின் வேலைத் துணி முழுக்க அந்தக் கறைதான். நம் பள்ளிச் சட்டையை மட்டும் அதோடு சேர்த்து ஊற வைக்கவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தனி வாளி, தனிச் சோப்பு, கடைசி அலசலில் இரண்டு சொட்டு நீலம். சப்பாத்துக்கும் வெள்ளை பூசி வாசலில் காய வைப்பார். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும், அதனால் ஐந்து மணிக்கு நம்மை எழுப்புவார். நீ உட்கார்ந்தபடியே தூங்குவாய். தேய்த்து மடித்த சட்டையை உன் மடியில் வைத்து, உன் கை இரண்டையும் எடுத்து அதன்மேல் வைத்துவிட்டுப் போவார். ஒன்றும் பேச மாட்டார். பேசினால் தொட்டிலில் தம்பி எழுந்துவிடுவான்.

நீ அதைப் பார்த்திருக்க முடியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். ஆனால் உன் கைக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் சொல்வதும் ஊகம்தான். கனவு உன்னுடையது, நீதான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் நிதானமாக யோசித்துப் பார். அம்மா கொடுத்தது மடித்த துணி. அதை நீ விரித்துப் பார்க்கவில்லை. சேலைதான் என்று எப்படித் தெரிந்தது?

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், மத்தியானம் கோலாலம்பூர் டிபிஎஸ் பஸ் நிலையத்துக்கு வந்து நில். அம்மாவின் பெட்டியின் அடியில் உன் முதலாம் ஆண்டுச் சட்டை இருக்கிறது. எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அக்கா
பினாங்கு