ஓவேரில இருந்து நீ அனுப்பின படம்

கிளிநொச்சி
ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் தம்பிக்கு,

நான் சுகம். நீயும் அங்க சுகமாய் இருக்க இரணைமடுக் கனகாம்பிகை அம்மாளைக் கும்பிடுறன். அனுப்பின காசு கிடைச்சது. மோட்டருக்குப் புது வயர் போட்டாச்சு. சிறுபோகம் இந்தமுறை பிழையில்லை, மேட்டுப் பக்கம் மட்டும் மயில் இறங்கிக் கதிரைக் கொத்திப் போட்டுது. அக்காவின்ர கடைக்குட்டி சைக்கிள் பழகப்போய் முழங்காலை உரஞ்சிக்கொண்டு வந்து நிக்கிறான். மிச்சப் புதினம் பேந்து எழுதுறன்.

நீ சிநேகிதன் வீட்டை போனது எனக்குப் பெரிய சந்தோசம். பாரிசில லாச்சப்பல் கடையும் அறையும் எண்டு கிடக்கிற பிள்ளை, ரயில் ஏறிப் போய் ஆத்தங்கரையில ஓவேர் எண்ட பழைய ஊரைப் பாத்திட்டு வந்திருக்கிறாய். உவாஸ் ஆறு படத்தில பச்சையாய், அசையாமல் கிடக்குது. எங்கட கனகராயன் ஆறு இந்த வெய்யிலுக்கு வெறும் மணல். அவன்ர மனிசி உனக்குச் சோறு போட்டவளோ, என்ன கறி எண்டு கேட்டு எழுதினன். நீ ஒரு பெருவிரலை மட்டும் அனுப்பிப்போட்டு விட்டிட்டாய்.

தம்பி, நாலு ஞாயிறாய் உன்ர குரல் கேக்கேல்லை. படம் வருது, காசு வருது. ஒரு மணித்தியாலம் ரயிலில போக நேரம் இருக்கிறவனுக்கு அம்மாவோட பத்து நிமிசம் கதைக்க நேரம் இல்லையோ? கோவியாதே. அக்காவைக் கட்டிக் குடுத்தது நீ, இந்த வீட்டுக்குக் கூரை ஏத்தினது நீ, கிணறு கட்டினதும் நீ. ஊர்ச்சனம் உன்ர பேரைச் சொல்லி, அவன்ர தாய் எண்டுதான் என்னைக் கூப்பிடுதுகள். எனக்கு அது காணும். இரவுச் சாப்பாட்டை விடாதே. பாணைக் கடிச்சிட்டுப் படுக்காமல் ஒரு சுண்டு அரிசி போட்டுக் காய்ச்சு. ஆடி அமாவாசைக்கு அப்பாவின்ர விரதத்தை மறந்திடாதே.

நீ அனுப்பினது 11 படம். ஆறு, கோயில், கோதுமை வயல், சத்திரம் எண்டு எல்லாம் வடிவு. கடைசிப் படத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பாக்கிறன். மதிலோட ஒட்டி ரெண்டு சின்னக் கல். ரெண்டுக்கும் முன்னால ஒரே கொடி படர்ந்து கிடக்குது, ஒரு போர்வைக்குள்ள ரெண்டு பேர் படுத்திருக்கிற மாதிரி. விரலால இழுத்துப் பெரிசாக்கிப் பாத்தன். கொடிக்கு மேல உன்ர நிழல். நல்லாக் கிட்டப் போய் நிண்டிருக்கிறாய். மற்றப் படங்களுக்கு எல்லாம் ரெண்டு சொல் எழுதினனி, இதுக்கு ஒண்டும் எழுதேல்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை கம்பஸ் லீவில வந்து நிக்கிறாள். அவளைக் கூப்பிட்டு இது ஆற்றை கல்லறை எண்டு கேட்டன். அவள் போனில தேடி வாசிச்சுக் காட்டினாள். வின்சென்ட் வான்கோ எண்டு ஒரு ஓவியராம். 1890 ஆம் ஆண்டு மே மாசம் அந்த ஊருக்கு வந்தவராம். எழுபது நாள் போல அந்தச் சத்திரத்தின்ர மேல்வீட்டுச் சின்ன அறையில இருந்து, எழுபதுக்கு மேல படம் கீறினவராம். அவருக்கு மாசாமாசம் காசு அனுப்பிப் பாத்தது தம்பிக்காரன் தியோவாம். யூலை 27 வெடிகாயத்தோட சத்திரத்துக்கு நடந்து வந்து, 29 ஆம் திகதி தம்பி பக்கத்தில இருக்கக் கண்ணை மூடினவராம். 37 வயசு. காயம் எப்பிடி வந்ததெண்டு வாசிக்கேக்கை அந்தப் பிள்ளை குரலைத் தணிச்சிட்டாள். அதுக்குப் பிறகு ஆறு மாசத்தில தம்பியும் போட்டாராம். அதில நான் காணும் பிள்ளை எண்டு நிப்பாட்டிப் போட்டன்.

இரவு நித்திரை இல்லை. விடிய அவளைத் திரும்பக் கூப்பிட்டு மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னன். அந்த யூலையில, சாகிறதுக்கு ஒரு ரெண்டு கிழமைக்கு முன்னம், அந்த மனிசன் தாய்க்கும் தங்கச்சிக்கும் கடிதம் எழுதினவராம். கடல் மாதிரி விரிஞ்சு கிடக்கிற வயலைப் பற்றி எழுதிப்போட்டு, தன்ர மனம் இப்ப நல்ல அமைதியாய் இருக்கெண்டும் எழுதியிருக்கிறார். அந்தத் தாய் அதை வாசிச்சிட்டு நிம்மதியாய்ப் படுத்திருப்பா. நீ "ஒரு பிரச்சினையும் இல்லையம்மா" எண்டு எழுதினதை வாசிச்சிட்டு நானும் அப்பிடித்தான் படுத்தனான்.

நித்திரை கொள்ளுறியோ ராசா? சாப்பிடுறியோ? தனிய அந்த வயல்பக்கம் நடந்து திரியாதே. திரும்பப் போறதெண்டால் சிநேகிதனோட போ. அவன் உன்னோட ஒரு வாங்கில இருந்து படிச்சவன், அவனுக்குச் சொல்லேலாததெண்டு என்ன இருக்கு? இரவில சோறு சாப்பிடு.

தியோவை முதல் ஒல்லாந்திலதான் தாட்டவையாம். 23 வருசம் கழிச்சு, 1914 இல, அவரின்ர மனிசிதான் அங்கயிருந்து கொண்டுவந்து தமையனுக்குப் பக்கத்தில வைச்சவவாம். அதைக் கேட்டாப்பிறகுதான் நீ ஏன் அந்தப் படத்தை அனுப்பினனி எண்டு எனக்கு விளங்கினது. சண்டைக்குள்ள வலைஞர்மடத்தில அண்ணாவுக்கு அப்பா கிடங்கு வெட்டேக்கை ஒரு வடலி நிண்டது. மீளக் குடியேறி வந்து போய்ப் பாக்க வடலியும் இல்லை, அடையாளமும் இல்லை. உங்கட அண்ணாவுக்குப் பக்கத்தில வைக்க எங்களிட்ட ஒரு கல்லும் இல்லை.

நான் இதை எழுதத்தான் கொப்பியை எடுத்தனான். அண்டைக்கு நான் உன்னட்டைக் கேட்டதை நீ மறக்கேல்லை, எனக்குத் தெரியும். "உன்னைத்தானே தண்ணிக்கு அனுப்பினனான், அவனை ஏன் போக விட்டனி?" எண்டு கேட்டன். உனக்கு 14 வயசு. மண்ணில கையை வைச்சுக்கொண்டு என்னை நிமிர்ந்து பாத்தாய், ஒண்டும் சொல்லேல்லை. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தமெண்டு பிள்ளைக்கு விளங்கியிருக்கும். இத்தினை வருசத்தில ஒருநாளாவது அதைத் திருப்பி எடுத்தனானோ? நீ உழைச்சு அனுப்பின ஒவ்வொரு சதத்தையும் வாங்கினன், அந்தச் சொல்லை உன்ர தலையில வைச்சபடி வாங்கினன்.

செல்லடி கொஞ்சம் ஓய்ஞ்சு கிடக்கு, ஓடிப்போய் வா எண்டு கானைத் தூக்கித் தந்தது நான். நீ களைச்சுப் போனாய் எண்டு அண்ணா உன்ர கையில இருந்து அதைப் பறிச்சுக்கொண்டு போனவன். நீ அவனைப் போக விடேல்லை, அவன் உன்னைப் போக விடேல்லை. இதை நான் அண்டைக்கே சொல்லியிருக்கோணும். குரலில சொன்னா அழுதுபோடுவன் எண்டுதான் எழுதுறன். அந்தப் பிள்ளை இந்தத் தாளைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். எழுத்து நடுங்கிக் கிடக்கு, ஆறுதலாய் வாசி.

போன் தலைமாட்டிலதான் கிடக்கு. உனக்கும் எனக்கும் மூண்டரை மணித்தியாலம்தான் வித்தியாசம். நீ வேலை முடிஞ்சு வாற நேரம் எனக்கு விடியப்புறம், நான் முழிச்சுத்தான் கிடக்கிறன். கதைக்க வராட்டிக் கதைக்காதே, எடுத்துப்போட்டுச் சும்மா இரு. நான் முத்தத்தில போய் நிக்கிறன், சேவல் கூவுறதைக் கேள். அடுத்தமுறை உன்ர முகம் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பு.

அம்மா