ஆர்டெமிஸ் கோயிலுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்

துருக்கிக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். உங்கள் பயணத் திட்டத்தில் பழங்காலக் கிரேக்க நகரமான எபேசு வரும் நாளில், 'ஏழு உலக அதிசயங்களில் ஒன்றான ஆர்டெமிஸ் கோயில்' என்று தடித்த எழுத்தில் போடுகிறீர்கள். ஆர்டெமிஸ் என்ற கிரேக்கப் பெண் தெய்வத்தின் கோயில் அது. அங்கே என்ன மிச்சம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம், சிதறிக் கிடக்கும் கல் துண்டுகள், ஒற்றைத் தூண். அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அண்மையில் அப்படி ஒரு குழுவோடு போய்வந்த பயணியாகக் கேட்கிறேன்: அந்த இடத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

எங்கள் பேருந்து நின்றதும், "ஒரு தூண்தான் இருக்கிறது, படம் எடுத்துக்கொண்டு சீக்கிரம் வந்துவிடுங்கள், அடுத்தது தோல் ஆடைக் கடை" என்றார் உடன் வந்தவர். பாதிப் பேர் இறங்கவே இல்லை. குழுவில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். முழங்கால் வலி. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, பாதையில் கொஞ்ச தூரம் போவதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். வண்டி கிளம்பிய பிறகு, பேச்சுவாக்கில், "வேதாகமத்தில் தியானாள் கோயில் என்று வருமே, அது இதுதான் அம்மா" என்று சொன்னேன். ஆர்டெமிசைத் தமிழ் வேதாகமம் தியானாள் என்றுதான் சொல்கிறது. அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. அப்போஸ்தலர் பவுல் எபேசுவில் இருந்தபோது தெமேத்திரியு என்ற தட்டான் தியானாள் பெயரைச் சொல்லிக் கிளப்பிவிட்ட கலகம், ஊரே அரங்கத்தில் கூடிக் கத்தியது, எல்லாம் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். "இதைப் பார்க்கத்தானே வந்தேன். யாருமே சொல்லவில்லையே" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

தோல் ஆடைக் கடையில் எங்களை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, ஆடை அணிவகுப்பு நடத்தினார்கள். அங்கே யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த நேரத்தில் பாதி இருந்திருந்தால் அந்த அம்மா தூண் வரை போய்வந்திருப்பார். இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

'பார்க்க ஒன்றுமில்லை' என்று உங்கள் வழிகாட்டிகள் சொல்கிறார்கள். முழுசாக நிற்கும் கட்டடத்தைப் பேச்சில்லாமல்கூடப் பார்த்துவிட்டு வரலாம். இடிந்து மண்ணோடு போன கோயிலை யாராவது சொன்னால்தான் பார்க்க முடியும். சொல்வதற்கா அங்கே பஞ்சம்? கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இன்றைய மேற்குத் துருக்கியில் இருந்த லிடிய நாட்டின் அரசன் குரோசஸ் தூண்கள் கொடுத்து எழுந்த கோயில். அவன் பெயர் பொறித்த அடிப்பகுதித் துண்டுகள் இன்று லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கி.மு. 356இல் தன் பெயர் உலகில் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே ஹெரோஸ்ட்ராடஸ் என்பவன் அதற்குத் தீ வைத்தான் என்கிறார்கள். மறுபடியும் கட்டினார்கள். செலவை ஏற்கிறேன் என்று அலெக்சாந்தர் முன்வந்தபோது, ஒரு தெய்வம் இன்னொரு தெய்வத்துக்குக் காணிக்கை கொடுப்பது பொருந்தாது என்று எபேசு மக்கள் பணிவாக மறுத்துவிட்டதாகப் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். 127 தூண்கள், ஒவ்வொன்றும் 60 அடி என்பது பழங்கால ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் கணக்கு. இப்போது நிற்கும் தூண் கிடைத்த துண்டுகளை அடுக்கி 1970களில் நிறுத்தியது, பழைய உயரம்கூட இல்லை.

எங்கள் வழிகாட்டி 'குட்டை' என்று சொல்லிவிட்டுப் போன தண்ணீருக்கும் கதை உண்டு. நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டும் என்று சதுப்பு நிலத்தைத் தேடிப் பிடித்து, அடியில் கரியையும் ஆட்டு ரோமத்தையும் பரப்பி அதன் மேல் கட்டினார்கள் என்கிறார் அதே பிளினி. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் சூறையாடினார்கள், பிறகு கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின, மிச்சத்தை ஆற்று வண்டல் மூடியது. கோயில் இருந்த இடமே மறந்துபோனது. ஆங்கிலேயரான ஜான் டர்ட்டில் வுட் 1863இல் தேட ஆரம்பித்து, அரங்கத்தில் கிடைத்த ஒரு கல்வெட்டில் இருந்த ஊர்வலப் பாதையைப் பிடித்துக்கொண்டே போய், 1869இன் கடைசி நாளில் தரைக்கு ஏறக்குறைய 6 மீட்டர் கீழே தளத்தைக் கண்டார். பின்னால் வந்த தொல்லியலாளர் ஹோகார்த் நீரை இறைத்துத் தோண்டியபோது வெள்ளி கலந்த தங்கக் காசுகள் கிடைத்தன. உலகின் மிகப் பழைய காசுகளில் சில அவை. அந்தப் பள்ளத்தைத்தான் நாங்கள் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

இந்த ஒரு இடம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. துருக்கியிலேயே உள்ள இன்னொரு பழைய கிரேக்க நகரமான பெர்காமோன் போகிறவர்களுக்கு, கிரேக்கக் கடவுள் சியுசின் பலிபீடத்தின் சிற்பங்கள் பெர்லினில் இருக்கின்றன, இங்கே இருப்பது அதன் அடித்தளம் என்று எத்தனை குழுக்களில் சொல்கிறார்கள்? கம்பளக் கடைக்கு நேரம் உண்டு, இனிப்புக் கடைக்கு நேரம் உண்டு. மக்கள் சேமித்து வைத்த பணத்தில், பல பேர் வாழ்நாளில் ஒரே தடவையாக, வருகிறார்கள். அவர்கள் கடை பார்க்கவா அத்தனை தூரம் வருகிறார்கள்?

சரி, குறை சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை. தயவுசெய்து கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நுழைவுக் கட்டணமே இல்லாத இடம், உங்களுக்குக் கூடுதல் செலவு வராது. தூணருகே நின்றபடியே ஈசா பே பள்ளிவாசல், யோவான் பேராலய இடிபாடு, குன்றின் மேல் கோட்டை எல்லாவற்றையும் காட்டிவிடலாம். பக்கத்து ஊரான செல்சுக்கின் அருங்காட்சியகத்தில் ஆர்டெமிஸ் சிலைகள் இருக்கின்றன, அதையும் சேர்த்தால் நல்லது. முதல் நாள் இரவே கோயிலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், ஆர்டெமிஸ், தியானாள் என்ற இரண்டு பெயரையும் சொல்லியே சொல்லுங்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்களை முதலில் இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருங்கள். அந்த ஒரு மணி நேரம் தர வழியே இல்லை என்றால், விளம்பரத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழுவில் வந்த ஒரு பயணி