கடற்கன்னிக்குக் கல்யாணம் வேண்டாம், பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

நீ எழுதிய கடற்கன்னிக் கதையை நேற்று ராத்திரியே படித்து முடித்துவிட்டேன். அவளைப் பூம்புகார் முகத்துவாரத்துக்குக் கொண்டுவந்தது நல்ல யோசனை. காவிரித் தண்ணீர் கடலில் சேர்கிற இடத்தில்தான் அவள் முதன்முதலாக மனிதக் குரலைக் கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பப் படித்தேன். ஆனால் அவள் சோழனை மணப்பதாக முடிகிற கடைசிப் பக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதைப் பொதுவில் எழுத நீ சம்மதித்தாய். அதற்கு முதலில் நன்றி.

பழைய கதையில் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் கை வைக்காத கதை ஒன்றுகூட மிஞ்சாது. 1697-ல் பிரான்சில் பெரோ அச்சிட்ட சிவப்புத் தொப்பிக்காரியை ஓநாய் தின்றுவிடுகிறது, கதை அதோடு சரி. வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்து அவளை மீட்பது ஜெர்மனியில் கிரிம் சகோதரர்களின் கதையில். அந்தச் சகோதரர்களும் 1812-லிருந்து 1857 வரை ஏழு பதிப்புகளில் தங்கள் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் அவளைப் பெற்ற தாயே. பிறகுதான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். பெற்றவளின் பெயரைக் காப்பாற்றப் போய், உலகத்தில் உள்ள மாற்றாந்தாய்கள் எல்லோர் தலையிலும் பழியை ஏற்றிவிட்டார்கள்.

நம் காவிரியையே எடுத்துக்கொள். அகத்தியரின் கமண்டலத்தைக் காக்கை தட்டிவிட்டதால் ஆறு பிறந்தது என்றுதான் நாமெல்லாம் கேட்டு வளர்ந்தோம். மணிமேகலைப் பதிகத்தில் காக்கையே கிடையாது. காந்தமன் என்கிற சோழன் வேண்டிக்கொள்ள, அகத்தியர் தாமே கரகத்தைக் கவிழ்க்கிறார். சீர்காழியில் இந்திரன் போட்ட நந்தவனம் வாடியதும், அதற்காகப் பிள்ளையார் காக்கையாக வந்ததும் கந்தபுராணத்தில் வருகிறது. காக்கை வந்ததில் யாருக்கும் நஷ்டம் இல்லை, கதைக்கு ஒரு குறும்பு கூடியது. இப்படிக் கூட்டுவது எனக்குச் சம்மதம்.

உன் கதையில் நடந்திருப்பது வேறு. டென்மார்க்கில் ஆண்டர்சன் 1837-ல் எழுதிய கடற்கன்னி, புயலில் மூழ்கிய இளவரசனைக் கரை சேர்க்கிறாள். அவனோ கரையில் தன்னைக் கண்டெடுத்த வேறொரு பெண்தான் காப்பாற்றியதாக நம்புகிறான். கடற்கன்னி நாக்கைக் கொடுத்துக் கால் வாங்குகிறாள். வைக்கிற ஒவ்வொரு அடியும் கத்திமேல் நடப்பதாக வலிக்கிறது. அவன் அந்த வேறொருத்தியையே மணக்கிறான். அக்காமார் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்து ஒரு கத்தி வாங்கி வருகிறார்கள். அவனைக் குத்தினால் அவள் பிழைப்பாள். அவள் கத்தியைக் கடலில் எறிந்துவிட்டு நுரையாகிறாள், பிறகு காற்றின் மகள்களோடு சேர்கிறாள். 1989-ல் வந்த டிஸ்னி படம் இதைக் கல்யாணத்தில் முடித்தது. அப்படி முடிப்பதற்கு அந்த இன்னொரு பெண்ணை, மாறுவேடத்தில் வந்த சூனியக்காரி ஆக்க வேண்டியிருந்தது. நீயும் அதே வழியில் போயிருக்கிறாய். உன் கதையில் சோழன் மணக்கவிருந்த பெண் திடீரென்று கெட்டவள் ஆகிறாள். அதற்கு முந்தைய பத்துப் பக்கத்திலும் அவள் ஒரு தப்பும் செய்யவில்லையே, பாப்பா. ஒருத்திக்கு மாலை போடுவதற்காக இன்னொருத்திமேல் பழி போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நீ சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. உன் மாலை வகுப்புக்கு வருபவர்களில் பாதிப் பேர் மீனவர் குப்பத்துப் பிள்ளைகள். 2004 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். கடல் ஒருத்தியை எடுத்துக்கொண்டது என்று அந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கிற படங்களை அந்தப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அப்பா தொழிலுக்குப் போன ராத்திரியில் அம்மா தூங்காததையும் பார்க்கிறார்கள். கடல் எடுத்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. எடுத்துக்கொள்ளப்பட்டவர்களை மறக்காமல் பேச முடியும் என்று ஒரு கதை அவர்களுக்குச் சொன்னால் அதுவே பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

அந்தக் கதையைத் தேடி டென்மார்க் போக வேண்டியதில்லை. அகநானூறு 222-ஆம் பாட்டை எடு, பரணர் பாடியது. ஆட்டனத்தி என்கிற ஆட்டக்காரன் கழார்த் துறையில் புதுப்புனல் விழாவில் ஆடுகிறான். அவன் அழகில் ஆசைப்பட்டு, கருங்கூந்தல் தாழ்ந்த காவிரி அவனை வாரிக்கொண்டு போய்விடுகிறாள். அவனுடைய காதலி ஆதிமந்தி புத்தி கலங்கித் திசையெல்லாம் தேடி அலைகிறாள். கடைசியில் மருதி என்றொரு பெண், அவனை ஆதிமந்தியின் கண்ணில் காட்டிவிட்டு, தான் கடலுக்குள் போய்விடுகிறாள். மருதியைப் பற்றி அந்தப் பாட்டில் இருப்பது இரண்டே வரி. அவள் யார், அவன் எப்படி அவளிடம் கிடைத்தான், ஏன் கடலுக்குள் போனாள், ஒன்றும் இல்லை. பாடல்களில் புகழ் பெற்றவள் என்று மட்டும் பரணர் சொல்கிறார். ஆண்டர்சனுக்குப் பல நூற்றாண்டு முன்னால், உன் கதை நடக்கிற அதே ஆற்றுக்குப் பக்கத்தில் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள்.

இதே கதையைச் சிலப்பதிகாரத்தில் கண்ணகி சொல்கிறாள், வஞ்சினமாலையில். அங்கே ஆதிமந்தி கரிகாலன் மகள், அவள் கணவன் வஞ்சி அரசன். அவள் தண்ணீரின் பின்னாலேயே போய்க் கூப்பிட, கடலே வந்து அவனை முன்னால் நிறுத்துகிறது. அவனைத் தழுவிக்கொண்டு வீடு திரும்புகிறாள். மருதி இல்லை! புகாரின் பத்தினிகளைக் கண்ணகி வரிசையாகச் சொல்லும் இடம் அது, அங்கே மூன்றாவதாக ஒருத்திக்கு இடம் இல்லாமல் போயிற்று. இளங்கோவைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மருதியின் நினைப்புத்தான் வருகிறது.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். உன் கடற்கன்னிக்கு மருதி என்று பெயர் வை. கல்யாணத்தை எடுத்துவிடு. அந்த இன்னொரு பெண்ணை ஆதிமந்தி ஆக்கு. அவள் கெட்டவளாக இருக்கவே முடியாது. குறுந்தொகையில் 31-ஆம் பாட்டு அவள் பெயரில் இருக்கிறது. வீரர்கள் கூடும் விழாவிலும் பெண்கள் ஆடும் துணங்கைக் கூத்திலும் தேடிவிட்டேன், அவனைக் காணவில்லை, நானும் ஆடுகிற பெண்தான் என்கிறாள். அவளுக்கு ஒரு தொழில் இருக்கிறது, ஒரு குரல் இருக்கிறது. கூந்தலை அறுத்துக் கொடுக்கிற அக்காமாரை மட்டும் ஆண்டர்சனிடமிருந்து வாங்கிக்கொள், அதைவிட நல்ல காட்சி எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், பாட்டில் இல்லாத ஒரு காட்சியை நீதான் எழுத வேண்டும். இரண்டு பெண்களும் கடற்கரையில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஆட்டனத்தி இன்னும் கண் திறக்கவில்லை. ஆதிமந்தி மருதியிடம் என்ன கேட்பாள்? மருதி என்ன பதில் சொல்வாள்? ஒரு பக்கமாவது அவர்கள் பேசட்டும். எழுதுவதற்கு முன்னால் வகுப்பில் பிள்ளைகளிடமே கேட்டுப் பார். பெரியவர்களுக்குத் தோன்றாத கேள்வி அவர்களுக்குத் தோன்றும்.

ஆடிப்பெருக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. கழாரில் நடந்ததும் புதுத்தண்ணீர் விழாதான் என்பதால், பிள்ளைகள் சப்பரம் இழுத்து முடித்த சாயங்காலத்தில் நீ இதைப் படித்துக்காட்டினால் பொருத்தமாக இருக்கும். அதற்கு ஒரு வாரம் முன்னால் புது வரைவை எனக்கு அனுப்பு. அகநானூறு உரைப் புத்தகத்தை அண்ணன் மயிலாடுதுறை வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை