ஆண்டறிக்கை: செயலாளர் வாசிப்பது

தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே (வராதவர்கள் வட்ஸ்அப்பில் வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்),

பொங்கல் விழாவும் வாணி விழாவும் வழமைபோல நடந்தன. செயற்குழு ஆறு தடவை கூடியது, இரண்டு தடவைதான் நிறைவெண் இருந்தது.

இந்த வருடம் உருப்படியாக நடந்தது ஆற்றுத்துணிதான், என்னுடைய யோசனை என்பதற்காகச் சொல்லவில்லை. மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிவந்து திருகோணமலையில் எங்கள் கொட்டியாரக் குடாவில் விழுகிறது, அதனால் 335 சென்ரிமீற்றர் காடாத்துணி எடுத்து, ஒரு கிலோமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று கங்கையை வரைந்தோம். பெயின்ற் இல்லை, கங்கை மணலும் பசையும் கரியும்தான். 1985இல் திறந்த விக்டோரியா அணைக்கு மேலே மணலைத் தடிப்பாக அப்பி, கீழே வரவரக் குறைத்தோம். அணைகள் மணலை மறிக்கின்றன, தப்பி வருவதை நாங்கள் டிப்பரில் ஏற்றுகிறோம், அள்ள அள்ளக் கங்கை ஆழமாகிக் கரை சரிகிறது, கோடையில் உப்புத்தண்ணி மேலேறுகிறது.

கடைசி ஒரு சாண் மூதூர், கிண்ணியாப் பக்கத்து மூத்தவர்களுக்கு. பாலங்கள் வருமுன் ஆட்களை ஏற்றிப்போன பாதையை (மிதவைப் படகை) வரைந்தார்கள், கண்டல் மரங்களை வரைந்தார்கள். ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணர்) தன் வாப்பாவின் சோளத்தோட்டத்தைக் கரியால் கட்டம் கட்டினார், கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் உள்ளங்கையால் அழித்துவிட்டு "இப்ப இதில தண்ணி" என்றார். அந்தக் கறுப்புத் தேய்ப்பை அப்படியே விட்டிருக்கிறோம்.

மூன்று நாள் காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். 42 உறுப்பினர்களில் வந்தது ஏழு பேர். மண்ணை ஒட்டினால் கலையா என்று கேட்டவரும் அந்த ஏழில் ஒருவர்தான், கேட்கட்டும், ஆனால் அவர் இரண்டு வருடமாகச் சந்தா கட்டவில்லை. இன்னும் 19 பேரும் கட்டவில்லை. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னபடியால் வாசிக்கவில்லை.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரி. துண்டு விழுந்தது யார் பையிலிருந்து போனது என்று பொருளாளருக்குத் தெரியும். மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் தந்த அக்காமாருக்கும் நன்றி.

வரும் வருடம் வெருகல் ஆற்றை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். துணி இப்போது என் வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது, மடித்தால் வெடிக்கும் என்று சுருட்டி வைத்திருக்கிறேன், எடுக்கும்போதெல்லாம் மணல் உதிர, மனைவி கூட்டி அள்ளுகிறார். இந்தப் பதவிக்கு வேறு யாரும் முன்வந்தால் உண்மையாகவே சந்தோஷம். மூன்றரை மீற்றர் விறாந்தை உள்ளவராக இருந்தால் நல்லது.